இரண்டு சீட்டிலும் ஒரே பதில்

குன்னூருக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிலோமினா இருபத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தார். நாற்பத்து மூன்றாம் வயதில் கனரக வாகன உரிமம் வாங்கினார். கொழுந்து லாரியை ஓட்ட முடியுமா என்று மேனேஜர் கேட்டதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

மாமியார் சூசையம்மாள், "ஆண்டவர் சித்தம் தெரியோணும். மாதா முன்னால சீட்டுப் போடு" என்றார். ஒன்றில் 'ஓட்டு', மற்றதில் 'வேண்டாம்' என்று எழுதி, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். பிலோமினா இரண்டிலும் 'ஓட்டு' என்றே எழுதினார். மாமியார் ஒன்றை எடுத்துப் படித்துச் சம்மதித்தார்.

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை, பிலோமினா சர்ச்சில் சாமியாரிடம் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் சொன்ன பதிலைப் பிறகு தோட்டமெங்கும் பிலோமினாவே சொல்லிச் சிரித்தார்.

"லாரி ஓட்ட ஆசைப்பட்டது பாவமில்லம்மா. நீயே முடிவு பண்ணிட்டு ஆண்டவர் பேர்ல கள்ளக் கையெழுத்துப் போட்டியே, அதுதான் பாவம். முடிவெடுக்கத்தானே உனக்குச் சுதந்திரம் குடுத்திருக்கார்? வீட்ல உண்மையைச் சொல்லு."

சொன்னால் லாரி கைவிட்டுப் போகலாம். ஆனாலும் அன்று மாலையே இரண்டு சீட்டையும் மாமியார் கையில் வைத்தார்.

"அப்ப ஆண்டவர் சொல்லலியா?"

"இல்லீங்கத்தை. நாந்தான் சொன்னேன். இப்பவும் ஓட்டறேன்னுதான் சொல்றேன்."

சூசையம்மாள் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆண்டவர் சொல்லியிருந்தா நிம்மதியா ஊட்லயே இருந்திருப்பேன். நீ சொல்றதால நானும் ஏறி வாரேன்."

திங்கட்கிழமை காலை 6.40க்கு லாரி கிளம்பியது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் மாமியார் ஜெபமாலையை உயர்த்திப் பிடித்து, "ஹாரன் அடி புள்ளே!" என்று கத்திக்கொண்டே வந்தார்.