வலைக்கு இந்தப் பக்கம் என் வண்டு

மூன்றாவது பசுமைக்குடிலின் பொறுப்பு. மாமனார் வாயிலிருந்து வந்த ஒரு "பரவாயில்லை". செடி வாங்க வருகிறவர்கள் இவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று நிற்பது. இவை என் தம்பி வென்றவை. எட்டாவதோடு படிப்பை விட்டவன், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தொண்டையைச் செருமியே நேரத்தை ஓட்டுகிறவன், போதாக்குறைக்கு அப்படியொரு சகலை வாய்த்தவன் வென்றவை.

சகலையை விட்டுவிட்டுத் தம்பியைப் பற்றிச் சொல்ல முடியாது. மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் சகலை, இளையவளைக் கட்டியவன் தம்பி. இருவருக்கும் மாமனாரின் பூச்செடிப் பண்ணையில்தான் வேலை. சகலையின் குடிலில் ஒவ்வொரு இலையும் துடைத்து வைத்தது போலிருக்கும். காட்டமான மருந்தைத் தவறாமல் அடித்துவிடுவார். யார் வந்தாலும் மாமனார் நேராக அங்கேதான் கூட்டிப் போவார். தம்பி தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி வயிறெரியப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அவன் செடிக்கு மட்டும் தினம் பவுடர் போட்டு விடறானாக்கா?" என்று என்னிடம் வந்து பொருமுவான்.

அப்போதுதான் மாமனார் பக்கத்து மனையிலிருந்த பழைய குடிலை மூன்றாவதாக வாங்கினார். உள்ளே முழுக்கச் செம்பருத்தி. செடி முழுக்க மாவுப்பூச்சி, பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல.

"ஆளுக்குப் பாதி. யார் பாதி தேறுதோ, அவங்களுக்கே முழுக் குடிலும்" என்றார்.

சகலை அன்றைக்கே மருந்தடித்தார். அவர் செய்வதையே செய்தால் காலம் முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான் என்று தம்பி வேறு வழி தேடினான். பூச்சிகள்மேல் அக்கறையெல்லாம் பிறகு வந்தது. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசல் ஒன்று, மாவுப்பூச்சியைத் தின்னும் குட்டி வண்டுகள் ஒரு டப்பா. பூச்சி அடையாகப் படிந்த தண்டில் மட்டும் கைப்புட்டியால் கரைசலைத் தெளித்தான். வண்டு திரியும் இலையில் ஒரு சொட்டு விழவிடவில்லை.

சகலையின் பாதி சீக்கிரமே பளிச்சென்று ஆனது. தம்பியின் பாதியில் முன்பைவிடப் பெரிய வெள்ளைப் பூச்சிகள், உடம்பெல்லாம் மெழுகு இழை தொங்க, இலை இலையாக ஊர்ந்தன.

மாமனார் குனிந்து பார்த்தார். "என்ன மாப்ளே, விரட்டச் சொன்னா வளத்து வெச்சிருக்கீங்க?"

"விடுங்க மாமா, சகலைக்கு எளகுன மனசு" என்றார் சகலை. "சகலை, ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வந்து அடிச்சு விடறேன்."

மறுநாள் காலையில் தம்பி சகலை அடித்த அதே மருந்தை வாங்கிக்கொண்டு குடிலுக்குள் போனான். மூடியைத் திறக்கும் முன், ஆத்திரம் தாளாமல், கொழுத்த பூச்சி ஒன்றை நகத்தால் நெம்பினான். மாவுப்பூச்சி ஓடாது. இது விறுவிறுவென்று ஓடியது. வாயில் ஒரு மாவுப்பூச்சியைக் கவ்வியிருந்தது. வண்டின் குஞ்சுக்கும் இரைக்கும் ஒரே வெள்ளைச் சட்டை என்று அவனுக்கு அதுவரை தெரியாது. மருந்தைக் கொண்டுபோய்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

அதன் பிறகுதான் அவன் புத்தி போன போக்கைப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் ஒளியும் ஜாதி. சகலையின் பாதியில் இலைக் கணுக்களிலிருந்து மறுபடி கிளம்பியது. தம்பியின் வண்டுகள் அந்தப் பக்கமும் போக ஆரம்பித்தன. தம்பி மெல்லிய வலைத்துணியோடு என் தையல் மெஷின் முன்னால் வந்து நின்றான்.

"நெருக்கமா தைச்சுக் குடுக்கா. குடிலை நடுவுல மறைக்கணும்."

"எதுக்குடா?"

"என் வண்டு அவன் பூச்சியைத் தின்னு, அவனுக்குப் பேர் வாங்கித் தரணுமா?"

தைத்துக் கொடுத்தேன். பொறாமையில் கட்டிய வலைதான் வண்டுகளைக் காப்பாற்றியது. சகலை மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் பக்கத்தில் இலை ஓரங்கள் கருகின, வெள்ளை குறையவில்லை. அந்த மருந்துத் துளி வலையைத் தாண்டவில்லை. இந்தப் பக்கம் புதுத் துளிரும் மொட்டும் வந்தன.

மாமனார் வலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "பரவாயில்லை. முழுசும் உங்களுக்குத்தான் மாப்ளே."

தம்பி சகலையைப் பார்த்த பார்வையில் ஒரு குடிலே பற்றியிருக்கும்.

"முழுசும்னா அந்தப் பாதியும் உங்க பொறுப்பு" என்றார் மாமனார். "வலையை என்ன பண்ணப் போறீங்க?"

தம்பி வலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். வலை போனால் சகலையின் செடிகளும் பூக்கும். எது யார் பாதி என்று ஒருவருக்கும் தெரியாது. வலை இருந்தால் பாதிக் குடில் சாகும்.

சகலைதான் பேசினார். "சகலை, ரெண்டு வண்டை இந்தப் பக்கமும் அனுப்பக் கூடாதா? விருந்தாளி மாதிரி கவனிச்சுக்கறேன்."

"மொதல்ல உங்க ஸ்பிரேயரைக் கழுவிக் கவுத்துங்க. இலைல இருக்கற வெஷம் போகட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றான் தம்பி.

சில வாரம் கழித்து அவனே வலையைக் கழற்றினான். கேட்காமல் இங்கே எந்த மருந்தும் அடிக்கக் கூடாது என்று கதவில் ஓர் அட்டை மாட்டினார்கள். பண்ணையில் அதுவரை எதுவானாலும் கையெழுத்து மாமனாருடையது, இல்லாவிட்டால் சகலையுடையது. இந்த அட்டையில் பொறுப்பாளர் என்ற இடத்தில், சகலையின் கையெழுத்தைவிட நிச்சயம் ஒரு விரல் பெரிதாக, தம்பி முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட நாள் 2016 செப்டம்பர் 7.