உறைந்த குழாயும் மூன்று ஆங்கில அறிக்கைகளும்

1. ஜனவரியில், ஒஸ்லோவின் கிழக்கே ஓர் அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது.
2. அந்தக் கட்டடத்தின் வெப்பமூட்டும் கருவிகளைப் பராமரிப்பது நான் வேலை செய்யும் நிறுவனம்.
3. கட்டடத்தின் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் அறிக்கை கேட்டார்கள்.
4. அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் விக்கார், அதாவது இன்னொருவரின் விடுப்புக்குப் பதிலாக வந்த தற்காலிகப் பொறியியலாளர். என் ஒப்பந்தம் ஈஸ்டரோடு முடிகிறது. இந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு நிரந்தர வேலை பற்றிப் பேசலாம் என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார்.
5. எழுதினேன். திருப்பி அனுப்பினார்.
6. மறுபடி எழுதினேன். மறுபடியும் திருப்பி அனுப்பினார்.

முதல் அறிக்கையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. வெப்பம் நின்றது. எச்சரிக்கை வரவில்லை. குழாய் வெடித்தது. ஒவ்வொரு வசனத்தையும் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தேன். பிரிவுத் தலைவர் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: "இவற்றுக்கு இடையில் என்ன தொடர்பு? வாசிப்பவர் பொறியியலாளர் அல்ல."

எனக்குக் கோபம் வந்தது. வெப்பம் நின்றால் தண்ணீர் உறையும். ஒஸ்லோவில் இதைச் சொல்லித்தர வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா?

ஆனால் நான் ஏன் இப்படி எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலரைப் போல நானும் பத்து வயதிலேயே மொழிபெயர்ப்பாளர். அம்மாவோடு வைத்தியரிடம் போவேன். அம்மாவின் ஒரு வசனம் காலையில் எழும்பி, சமைத்து, மாமியோடு தொலைபேசியில் கதைத்து, பேருந்துக்கு ஓடி, அதன் பிறகுதான் நெஞ்சுவலிக்கு வந்து சேரும். நான் அதை முழுவதும் கேட்டு, துண்டு துண்டாக வெட்டி நோர்வேஜிய மொழியில் கொடுப்பேன். வலி இருக்கிறது. இடது பக்கம். நேற்றிலிருந்து. வைத்தியருக்கு அது பிடிக்கும், கெட்டிக்காரி என்பார். எதனால் எது வந்தது என்று அம்மா கோர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு பொறியியல் கல்லூரியிலும் எண்ணிட்டு எழுதினால் நல்ல புள்ளி கிடைத்தது. ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. அதில் வேறு விதமாக எழுத யாரும் என்னைக் கேட்டதில்லை.

என் அடுத்த மேசையில் சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பெண் இருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவள். அவளிடம் முதல் அறிக்கையைக் காட்டினேன்.

"என்னங்க இது, மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு?"

"எல்லாம் சரியாத்தானே கிடக்கு."

"சரிதான். ஆனா எங்க காலேஜ்ல இப்படி எழுதினா ஃபெயில். அங்க எத்தனை பக்கம்னு பாத்துத்தான் மார்க். குடுங்க இப்படி."

மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் ஒட்டுப்போட்டாள். 'ஹென்ஸ்', 'மோர்ஓவர்', 'தேர்ஃபோர்', 'ஆல்தோ'. வாசிக்க வெகு கம்பீரமாக இருந்தது. நானும் சில 'தேர்ஃபோர்'களைச் சேர்த்தேன். அதுதான் இரண்டாவது அறிக்கை. பிரிவுத் தலைவர் மின்னஞ்சலில் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: இப்போது எல்லாமே எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கிறது.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சரி, விடுங்க. உண்மையில குழாய் ஏன் வெடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஒக்டோபரிலை சேர்விஸுக்குப் போன எங்கடை ஆக்கள் அலாரத்தைக் கழட்டினவை. திரும்பப் பூட்டேல்லை. வெப்பம் நிண்டது ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு."

"அப்போ அதை எழுத வேண்டியதுதானே?"

"எழுதினா எங்கடை பிழையெல்லே?"

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என்னை ஒண்ணும் கேக்கலை, நான் ஒண்ணும் சொல்லலை. என் விசா இந்தக் கம்பெனியிலதான் இருக்கு."

மூன்றாவது அறிக்கையை நான் தனியாக எழுதினேன். 'ஹென்ஸ்' எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டு நிகழ்வுகளுக்கு இடையில் ஒரு சொல்லைப் போடுமுன், அது உண்மையா, அதற்கு என்னிடம் ஆதாரம் உண்டா என்று பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் 'அன்ட்' போதுமாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் போதவில்லை. எச்சரிக்கை வரவில்லை, 'பிகாஸ்' எங்கள் பராமரிப்பின்போது அலாரத்தின் இணைப்பு கழற்றப்பட்டுத் திரும்பப் பூட்டப்படவில்லை. அந்த ஒரு வசனத்துக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.

பிரிவுத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இப்போது நன்றாக இருக்கிறது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். "தெளிவாக இருக்கிறது." பிறகு விரலை 'பிகாஸ்' மேல் வைத்தார். "இந்த இடத்தில் மட்டும் 'அன்ட்' போடலாமா? மென்மையாக இருக்கும்."

மூன்று வாரமாக இந்த மனிதர் என்னிடம் கேட்டது இதைத்தான். வசனங்களை இணை, இணை என்று சொன்னவர் இவர்தான்.

"அது பிழையா?" என்று கேட்டேன்.

"பிழை இல்லை."

"அப்படியென்றால் அது அப்படியே இருக்கட்டும். 'அன்ட்' வேண்டுமென்றால் நீங்கள் போடுங்கள். அடியில் இருக்கும் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்."

அவர் தாளைத் திருப்பி மற்றப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யோசிக்கிறேன் என்றார்.

வெளியே வந்தபோது சென்னைப் பெண் புருவத்தை உயர்த்தினாள். நான் தோளைக் குலுக்கினேன். அன்று வீட்டுக்குப் போக சுரங்க ரயிலில் ஏறி, என் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அறிக்கை 'பிகாஸ்' உடனும் என் பெயருடனும் உரிமையாளர்களுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அவர் அதை அனுப்பியபோது எனக்கும் மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. என் ஒப்பந்தம் கோடை விடுமுறை வரை நீட்டப்பட்டிருக்கிறது, மறுபடியும் விக்காராகவே. நிரந்தர வேலை பற்றி அவர் இன்னும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.