கயித்துக் கடைசியில காலியா இருந்த இடம்

முப்பத்தோரு வருசம் சவூதியில ஒரு கம்பெனி ஸ்டோர்ல சாவிக்கொத்தோட கெடந்தேன். வயசாயிருச்சு, போதும்னு அனுப்பி வச்சாங்க. ஒரு கேக்கு, ஒரு கைக்கடிகாரம், மேனேஜரோட நின்னு ஒரு போட்டோ. புதுமடத்துக்கு வந்து சேந்துட்டேன்.

மொத மாசம் புது மாப்பிள்ளை கவனிப்பு. ரெண்டாவது மாசம்தான் விசயம் வெளங்குச்சு, இந்த வீடு நான் இல்லாமலே நடந்து பழகிப் போச்சுன்னு. கேஸுக்கு யாருக்குப் போன் போடணும், கரண்டு பில்லு எங்கன கட்டணும், எல்லாம் என் வீட்டுக்காரிக்குத் தெரியும். எனக்கு டீத்தூள் டப்பா எங்கன இருக்குன்னே தெரியாது. ஒருநாள் அடுப்படிக்குள்ள நொழஞ்சு எல்லா டப்பாவையும் உயரவாரியா அடுக்கி, பேரு எழுதி சீட்டு ஒட்டுனேன், ஸ்டோர்ல செய்யிற மாதிரி. மறுநாள் பாத்தா அவ பாட்டுக்கு அவ இஷ்டத்துக்கு மாத்திப் போட்டு வச்சிருக்கா. சீனின்னு நான் எழுதுன டப்பாவுல உப்பு. அந்த டீயைக் குடிச்சது நான்தான்.

"கொஞ்ச நேரம் வெளியில காத்தாட நடந்துட்டு வாங்களேன்"னு அன்னைக்குச் சொன்னா. நல்லபடியாத்தான் சொன்னா. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. "என்னடி, வீட்டை விட்டுத் தொரத்துறியா?"ன்னு கத்திட்டு, செருப்பை மாட்டிட்டுக் கடக்கரைக்குப் போயிட்டேன். அதுலருந்து தெனமும் விடியக்காலை சுபுஹு தொழுதுட்டுப் பள்ளிவாசல்லருந்து நேரா கடக்கரைதான்.

வாடைக்காத்துக் காலம். எங்க பக்கத்துக் கடல் அப்பத்தான் கொளம் மாதிரி கெடக்கும். பக்கத்துத் தெரு மீனவங்க கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வள்ளத்துல போயி வலையைக் கடல்ல வட்டமா விட்டுட்டு, ரெண்டு கயித்தோட நுனியையும் கரைக்குக் கொண்டு வந்துருவாங்க. ஒரு கயித்துக்குப் பன்னெண்டு பேரு, அதுக்கு மேல கூறு கெடையாது. ஆம்பளை பொம்பளை எல்லாரும் பின்னால சாஞ்சு இழுக்கணும். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், மீனு சேந்த வலைமடி கரைக்கு வர. வந்ததும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மீனைக் கூறு கூறா வச்சு, இழுத்த ஆளுக்கு ஒரு கூறு குடுப்பாரு. அதுல கொழம்புக்குப் போக மிச்சத்தை வித்து அரிசி வாங்குவாங்க.

மூணு நாள் நின்னு வேடிக்கை பாத்தேன். நாலாம் நாள், கயித்துக் கடைசியில ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு எடம் காலியா இருந்துச்சு. சட்டுனு கைலியை மடிச்சுக் கட்டிட்டுக் கயித்தைப் பிடிச்சுட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சம்மாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாரு, அப்பறம், "இழுங்க பாய், இழுங்க"ன்னுட்டாரு. எனக்குச் சந்தோசம் தாங்கலை.

சும்மா சொல்லக் கூடாது, அன்னைக்குக் காலையில நான் மனுசனானேன். உள்ளங்கை ரெண்டும் தோலு உரிஞ்சு எரியுது, இடுப்பு கழண்டு போச்சு, ஆனா முப்பது வருசத்துல அப்படி ஒரு பசி பசிச்சதில்லை. பங்குன்னு ஒரு கூறு காரலும் சூடையும் குடுத்தாங்க. துண்டுல முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, "இந்தா, ஒம் புருசன் சம்பாத்தியம்"னு அவ முன்னால கொட்டுனேன். அவ சிரிச்சா. போட்டோ எடுத்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன், 'இன்றைய ஹலால் உழைப்பு'ன்னு எழுதி. துபாய்ல இருக்க மகன் கைதட்டுற பொம்மை பத்து அனுப்புனான். ஒரு பய கையை எதிர்பாக்காம இருக்கிற திமிரு எனக்கு அப்பவே வந்துருச்சு.

அந்த மொத நாள் நான் கயித்தைப் பிடிச்சுக் கொஞ்ச நேரத்துல ஒரு பொம்பளை மூச்சிரைக்க ஓடி வந்தா. அம்பத்தஞ்சு வயசிருக்கும், ஒல்லி, சேலையை முட்டிக்கு மேல தூக்கிச் சொருகியிருந்தா. கயித்துக் கடைசிக்கு வந்தவ என்னையப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. சம்மாட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ஆளு நெறைஞ்சிருச்சும்மா"ன்னாரு. அவ கொஞ்ச நேரம் மணல்ல குந்திட்டுப் போயிட்டா.

மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. நான் எல்லாருக்கும் முந்தி வந்து கயித்துல கை வச்சிருப்பேன்ல.

அவங்களுக்குள்ள ஒரு வழக்கம். கயித்துல கை வச்ச ஆளை, விடுன்னு யாரும் சொல்லக் கூடாது. அன்னைய இழுப்பு முடியிற வரைக்கும் அந்த எடம் அந்த ஆளோடது. எங்க வாப்பா காலத்துலருந்து எங்க குடும்பத்து மேல அவங்களுக்கு மரியாதை வேற. சம்மாட்டி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு என்னையப் போகச் சொல்லுவாரு? நான் ஏதும் தெரியாத பச்சப்புள்ளையும் இல்லை. அவ வந்து நிக்கும்போது முன்னால இழுக்கிற எவனும் நிமிந்து பாக்க மாட்டான். அது எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் கயித்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சேன்.

அதோட விட்டனா? அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, அவகிட்ட வாயைக் குடுத்தேன். "நேரத்துக்கு வரணும்மா. எங்க கம்பெனியில அஞ்சு நிமிசம் லேட்டுன்னா அரைநாள் சம்பளம் போச்சு. இந்த வயசுல நான் பாங்கு சத்தத்துக்கு எந்திரிச்சு வரலையா?"ன்னேன். தமாசாச் சொன்னதா நெனப்பு. நான்தான் சிரிச்சேன், வேற யாரும் சிரிக்கலை. அவ, "சரி பாய்"ன்னா. அதுக்கப்பறம் அவ வரலை. ஒரு பொம்பளைக்கு ஒழுக்கம் கத்துக் குடுத்துட்டோம்னு நெனச்சேன், அட நாசமாப் போறவனே.

ஒரு வாரம் கழிச்சு, மத்தியானம் லுஹரு தொழுதுட்டு வந்து ஹால்ல சாஞ்சு கெடக்கேன். கொல்லைப்பக்கம் பேச்சுச் சத்தம். அந்தக் குரலு பிடிபட நேரமாகலை.

"ஏதாச்சும் வீட்டு வேலை இருந்தாச் சொல்லுக்கா. பாத்திரம் கழுவுறேன், துணி தொவைக்கிறேன்."

"நீ வலை இழுக்கப் போறவதானே?"ன்னு என் வீட்டுக்காரி கேட்டா.

"கயித்துல எடம் இல்லைக்கா. எங்க தெருவுல கொழாய்த் தண்ணி விடியக்காலைதான் வருது. என் வீட்டுக்காரருக்கு வேற கை கால் வெளங்காமப் போயி ரெண்டு வருசமாச்சு. தண்ணி பிடிச்சு, அவரைத் தொடச்சு விட்டு, கஞ்சி குடுத்துட்டு ஓடியாந்தா, எப்பிடியும் கொஞ்சம் முந்திப் பிந்தி ஆயிரும். அவுக எல்லாருக்கும் தெரியும்கா. எனக்குன்னு கடைசியில ஒரு எடம் விட்டு வச்சிருப்பாக."

விட்டு வச்சிருந்த எடம்! அத்தனை பேரும் சேந்து ஒருத்திக்குன்னு விட்டு வச்சிருந்த எடத்தை, கேக்க நாதியில்லாமக் கெடக்குன்னு நெனச்சுப் போயி நின்னிருக்கேன்.

அவ யார் பேரையும் சொல்லலை. இது என் வீடுன்னு அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? என் வீட்டுக்காரி அப்பத்தான் நான் கொண்டாந்த மீனைக் கழுவ உக்காந்திருந்தா. "குடுக்கா, நான் செஞ்சு தாரேன்"னு அவ வாங்கிக்கிட்டா. அருவாமணையில சரக் சரக்குனு செதிலு போற சத்தம் ஹாலு வரைக்கும் கேட்டுச்சு. அவ பங்கு மீனை அவளே ஆஞ்சு எங்க சட்டியில போடுறா.

"நல்ல மீனு. பாய் இழுத்ததா?"ன்னு கேட்டா. அதுல குத்தலே இல்லை. குத்தலா கேட்டிருந்தாக் கூடக் கோவப்பட்டுத் தப்பிச்சிருப்பேன்.

எந்திரிச்சுப் போயி நாலு வார்த்தை பேசியிருக்கணும். என்ன செஞ்சேன் தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டேன். வீட்டுக்காரி உள்ள வந்து எட்டிப் பாக்கிறது தெரிஞ்சு, கொறட்டை விட்டேன். அறுபத்திரெண்டு வயசு ஆம்பளை, பட்டப் பகல்ல, பொய்க் கொறட்டை!

அவ போனதுக்கப்பறம் வீட்டுக்காரி என் முன்னால வந்து நின்னா. "தூங்கலைன்னு தெரியும். எடம் யாரு எடம்னு கேட்டுட்டுப் பிடிக்கக் கூடாதா?"ன்னா. நான் சவுண்டு விட்டேன். "யாரும் சொல்லலையே, எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"ன்னு. "சொல்லலைதான்"னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அன்னைக்கு அந்தக் கொழம்பு எனக்கு எறங்கலை. அவளும் அதைத் தொடலை.

மறுநாள் கயித்தைப் பிடிக்காம இருந்திருக்கலாம்ல? அங்கனதான் என் புத்தி. கடைசியா ஒரு நாள் இழுத்து, அந்தப் பங்கை அவ கையில குடுத்து மன்னிப்புக் கேட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு ஒரு கணக்கு. போயி இழுத்தேன். மீனை ஒரு பையில போட்டுக்கிட்டு, விசாரிச்சுக்கிட்டே அவ வீட்டுக்குப் போனேன். சிமெண்டு ஷீட்டு போட்ட வீடு. கட்டில்ல அவ புருசன் ஒருக்களிச்சுப் படுத்துக் கெடந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்துச்சு. என்னையப் பாத்து எந்திரிக்கப் பாத்தான், முடியலை.

பையை நீட்டுனேன். "இது உனக்குத்தாம்மா. உன் பங்கு."

அவ கையைப் பின்னால கட்டிக்கிட்டா. "அய்யய்யோ, வேணாம் பாய். கயித்துல கை வைக்காமப் பங்கு வாங்கக் கூடாது. எங்க ஆளுக ஏசுவாக."

"உன் எடத்துலதானேம்மா நான் இழுத்தேன்."

"இழுத்தது நீங்கதானே. கை புண்ணாப் போயிருக்கே. உங்க பங்கு அது."

மீன்தண்ணி பையிலருந்து என் கால்ல சொட்டுது. நீட்டுன கையை மடக்கவும் தெரியலை. "நாளையிலருந்து நான் வரலைம்மா. நீ போ. தெரியாமப் பண்ணிட்டேன்"னேன். அதுவும் பொய்தான், மொத நாள் மட்டும்தான் தெரியாமப் பண்ணேன்.

அவ மூஞ்சி மலந்துருச்சு. ஆனா சட்டுனு என்னமோ நெனச்சுக்கிட்டுக் கேட்டா, "அப்ப உங்களுக்குப் பொழுது போகணுமே பாய்?"

மனசாரக் கேட்டா. ரெண்டு வாரமா அவ சட்டி காஞ்சு கெடந்ததுக்குக் காரணமானவன்கிட்ட, உனக்குப் பொழுது எப்படிப் போகும்னு கேக்குறா. "எனக்கு நெறைய வேலை இருக்கும்மா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம நடந்தேன். மீனைத் தெருமுக்குல பூனைகளுக்குப் போட்டேன்.

மறுநாள் காலையில வீட்டுல இருக்கணும்னுதான் இருந்தேன். காலு கேக்கலை. கடக்கரைக்குப் போனேன், ஆனா வெலகி, கரையில கெடந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால நின்னேன். அவ வந்துட்டாளான்னு பாத்துட்டுப் போயிரலாம்னு. வந்திருந்தா. லேட்டாத்தான் வந்திருப்பா போல, சேலை முந்தானை இன்னும் ஈரமா இருந்துச்சு. கயித்துக் கடைசியில சாஞ்சு இழுத்துக்கிட்டு இருந்தா.

அவ கண்ணுக்குத் தப்ப முடியலை. என்னையப் பாத்ததும் ஒரு எட்டு முன்னால நகந்து, தன் பின்னால கொஞ்சம் எடம் விட்டா. அப்பறம் கூப்பாடு போட்டா, "பாய்! ஏன் அங்கன நிக்கிறீக? வாங்க, இங்கன பிடிங்க. ரெண்டு பேரும் ஒரு ஆளாக் கணக்கு வச்சுக்கிட்டு, கூறைப் பாதிப் பாதி எடுத்துக்கலாம்!"

மொத நாளுக்கு அப்பறம் அன்னைக்குத்தான் முன்னால இழுத்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

அவ மணல்ல குந்தியிருந்த அத்தனை காலையிலயும், ஒரு எட்டு நகந்து நிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை. நான் சட்டைப் பையிலருந்து போனை எடுத்துக் காதுல வச்சேன். "ஹலோ, ஆமா, சொல்லுங்க, வாரேன், இந்தா வாரேன்"னு சத்தமாப் பேசிக்கிட்டே பள்ளிப் பக்கமா நடந்தேன். போன்ல யாரும் இல்லை.