கரப்பானும் முழுக்கைச் சட்டையும்

ஜெர்மனியில் என் மகள் இனியா போகும் கிண்டர்கார்ட்டனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு கொக்கி உண்டு. இனியாவின் கொக்கியில் கோட்டோடு ஒரு கிரீம் ட்யூபும் தொங்குகிறது. சாப்பாட்டுக்கு முன் டீச்சர் அதை எடுத்து, எல்லோர் முன்னாலும் அவள் முழங்கை மடிப்பில் தடவிவிடுகிறார். மற்ற பிள்ளைகளும் கையை நீட்ட, இனியா ஆளுக்கொரு பொட்டு வைக்கிறாள். முதல்முறை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்கள் நொய்ரோடெர்மிட்டிஸ் என்னும் தோல் அரிப்பை எங்கள் ஆம்பூரில் கரப்பான் என்போம். அதை யாரும் வெளியில் காட்டுவதில்லை. கோடை வெயிலில் என் முழுக்கைச் சட்டையைப் பார்த்த டீச்சர், புழுக்கமாக இல்லையா என்று கேட்டார். பழக்கம் என்றேன். இந்தியர்களின் பழக்கம் என்று எடுத்துக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தார்.

எனக்கும் சின்ன வயதில் அதுதான். கைகளில் சாக்ஸ் மாட்டித்தான் படுக்கவைப்பார்கள். அப்படியும் சொறிந்து, காலையில் போர்வையில் ரத்தக் கறை இருக்கும். தூக்கம் கெட்டு வகுப்பில் தூங்கிச் சாமியாடுவேன். கபடியில் என்னைப் பிடிக்க எவனும் வரமாட்டான். யாரும் தொடாமலே ஜெயித்தவன் நான். தோல் பதனிடும் அப்பா, தோல் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த வியாதி என்று சிலர் பேசினார்கள். அம்மாவைக் கேட்டால் எல்லாம் கத்திரிக்காயால் வந்தது. ஆம்பூரில் பிரியாணி என்றால் கூடவே கத்திரிக்காய் வரும். கல்யாணப் பந்தியில் வாளி என்னிடம் வரும்போது, "அவனுக்கு வெக்காதீங்க, கரப்பான் புள்ள" என்பார் அம்மா. வரிசையே திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் இருப்பவர் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார். அரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தத் தட்டு நகர்வதைப் பொறுக்க முடியவில்லை. பின்னாளில் கரப்பான் போய்விட்டது. சட்டை மட்டும் தங்கிவிட்டது.

இந்த வருட விடுமுறையில் அப்பாவின் பழைய தோஸ்த் வீட்டில் கல்யாணம். அம்மா இனியாவுக்கு முழுக்கைக் கவுன் வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள்தானே, நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். அந்த ஒரு நாளில் இவளும் ஒளியக் கற்றுக்கொள்வாள் என்று பயமாக இருந்தது. ஆனாலும் நானேதான் கவுனை மாட்டிவிட்டேன். பந்தியில் புழுக்கம் தாங்காமல் இனியா கவுன் கையை மேலே தள்ளிவிட்டு, என்னிடம் ட்யூபை வாங்கித் தடவிக்கொண்டாள். பிறகு கிண்டர்கார்ட்டனில் செய்வது போலவே, கிரீம் விரலைப் பக்கத்துச் சிறுமியிடம் நீட்டினாள். அந்தக் குழந்தையும் கையை நீட்டியது.

"தொடாதடி, ஒட்டிக்கும்" என்று அதன் அம்மா இழுத்துக்கொண்டார்.

இனியாவுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. அந்தச் சிறுமிக்குக் கிரீம் பிடிக்காதா என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டாள். விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. என் வலது கை பிரியாணியில் இருந்தது. இடது கைப் பொத்தானைப் பல்லால் கழற்றி, சட்டையை முழங்கைவரை ஏற்றினேன். மடிப்பில் பழைய கறுப்புத் தழும்பு. அவள் அதன் நடுவில் பொட்டு வைத்தாள்.

"இன்னாடா பண்ற, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் அம்மா.

"பாக்கட்டும்மா."

கத்திரிக்காய் வாளி வந்து இனியா முன்னால் நின்றது. அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. இனியாவைக் கிண்டர்கார்ட்டனில் விடும்போது இப்போது என் இடது கைச் சட்டை முழங்கைவரை மடித்திருக்கிறது. வலது கைப் பொத்தானை இன்னும் கழற்றவில்லை.