பெரியவாப்பாவுக்குத் தனித் தட்டு

எனக்கு வேனில் ஏறினால் வாந்தி வரும். காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வேனில் என் பக்கத்து இருக்கைக்கு ஒருநாளும் ஆள் கிடைத்ததில்லை. நான்காம் வகுப்பின் பாதியில் டிரைவரே வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இவன நானே வீட்டுல வச்சுப் படிப்பிக்கேன்" என்று உம்மா துபாயிலிருந்த வாப்பாவிடம் போனில் சொன்னாள். வாப்பா சரி என்றார். வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பா, மட்டும் சரி என்று சொல்லவில்லை.

அப்படி ஒரு வருஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. குக்கர் விசில்தான் எங்கள் பெல். மூன்றாவது விசிலில் தமிழ் முடிந்து கணக்கு தொடங்கும். உம்மா அவிக்கும் இனிப்பான வட்டிலப்பத்தை வெட்டித்தான் பின்னம் படித்தேன். அரையில் பாதி கால் என்று சரியாகச் சொன்னால் அந்தக் கால் எனக்கு. தப்பாகச் சொன்னாலும் ஏதோ ஒரு துண்டு வாய்க்கு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கு ஒன்று உண்டு. அதன் வழியே வரும் சாச்சிமார், அதாவது சித்திமார், கதவருகே நின்று, தெரிந்ததையும் சொல்லித்தருவார்கள், தெரியாததையும் சொல்லித்தருவார்கள். அதில் ஒரு சாச்சி கங்காருவை ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவைத்தாள். சாயங்காலமானால் கடற்கரை. தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல்களில் எது காலி, எது பாரம் ஏற்றியது என்று உம்மா கேட்பாள். தண்ணீரில் அமுங்கி நிற்பதைக் காட்டினால் போதும், வேர்க்கடலை வாங்கித் தருவாள்.

வாப்பா லீவில் வந்தபோது பெரியவாப்பா பேச்சை எடுத்தார். "பையன்ட்ட நான் கேள்வி கேப்பேன். ஒழுங்கா பதில் சொன்னா வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா தூத்துக்குடி ஹாஸ்டல்தான்" என்றார். அண்ணன் சொல்லுக்கு வாப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. ஹாஸ்டலில் உம்மாவும் இருக்கமாட்டாள், வட்டிலப்பமும் இருக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, விருந்துக்கு முன்னால் கூடத்தில் பரீட்சை. திரைக்கு அந்தப் பக்கம் உம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் முடுக்கே திரண்டு வந்து நின்றது. இங்கிலீஷ் வாசித்தேன், வாய்ப்பாடு ஒப்பித்தேன், எல்லாம் நன்றாகத்தான் போனது.

"கடைசியா ஒண்ணு. விருந்துக்கு இருபத்தினாலு பேர் வாராங்க. தட்டு எட்டுதான் இருக்கு. இன்னும் எத்தன தட்டு வேணும்?"

விருந்து என்றதும் என் கண்ணுக்குச் சகன்தான் தெரிந்தது. எங்கள் ஊர் விருந்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குத்தான் சகன் என்று பேர். இருபத்தினாலு பேருக்குப் பன்னிரண்டு சகன் போதும். "நாலு" என்றேன்.

"தப்பு. இருபத்தினாலுல எட்டு போனா பதினாறு. இதுகூடத் தெரியலயேலே!"

வாப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெரியவாப்பா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். பெரியவர்கள் கணக்கில் ஆளுக்கொரு தட்டு போலிருக்கிறது.

சாப்பாடு வந்தது. நெய்ச்சோறும் கறியும் நிறைந்த சகனுக்கு முன்னால் வாப்பாவும் பெரியவாப்பாவும் உட்கார்ந்து கைவைத்தார்கள். எனக்குத்தான் இப்போது சரியான கணக்கு தெரியுமே, ஒரு தட்டு குறைந்தது. அடுக்களைக்கு ஓடி, காலையில் நான் இட்லி தின்ற எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து பெரியவாப்பா முன்னால் வைத்தேன்.

வீடே திகைத்துப்போனது. விருந்துக்கு வந்தவருக்குத் தனித் தட்டு வைத்தால், உன்னோடு சேர்ந்து சாப்பிட எங்களுக்கு இஷ்டமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதிலும் அண்ணனுக்கு! வாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னலே இது?" என்றார் பெரியவாப்பா.

"உங்க கணக்குப்படி ஒரு தட்டு குறையுது பெரியவாப்பா."

அவர் என் தட்டைப் பார்த்தார். சகனைப் பார்த்தார். அதற்குள் கிடந்த தன் கையையும் தம்பி கையையும் பார்த்தார். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், புரையேறி, வாப்பா அவர் தலையில் தட்டவேண்டியதாயிற்று. "நாலுதாம்லே! நான்தான் ஃபெயிலு!" முடுக்கு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் திரையைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ள இங்கனயே படிக்கட்டும்மா. நீ சொல்லிக்குடுக்கது சரியாத்தான் இருக்கு."

நான் குதித்துக்கொண்டு ஓடினேன். உம்மா அடுக்களையில் சுவரைப் பார்த்தபடி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் என்னோடு மல்லுக்கட்ட வேண்டுமே என்ற கவலையாக்கும் என்று நினைத்தேன்.

உம்மா கணக்கில் பட்டம் வாங்கியவள். கல்யாணமான புதிதில் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "வேலைக்குப் போற அளவுக்கு நம்ம வீட்டுல என்ன குறை?" என்று நிறுத்தியவர் இதே பெரியவாப்பா. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு ஒரு சாச்சி சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலை சட்டைகூடப் போடாமல் பாயில் உருண்டுகொண்டே புத்தகத்தைத் திறந்தேன். உம்மா குளித்து, பெருநாளைக்கு எடுத்த சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு யாருக்குக் கல்யாணம் உம்மா?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சுப் போய்ச் சட்டையப் போட்டுட்டு வா. பாடம் தொடங்கணும்" என்றாள்.