சம்பந்தியின் கோணல் மெட்டு

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கணினித் திரையில் மழைபோல் இறங்கும் எண்களைப் பார்த்தபடி என் சம்பந்தி காலால் தாளம் போடுகிறார். எந்தச் சுரம், எவ்வளவு சத்தம், எங்கே வளைய வேண்டும் என்று ஒவ்வொரு எண்ணும் உத்தரவு போடுமாம். "பாட்டைக் கண்ணாலயும் பார்க்கலாம் சம்பந்தி" என்பார். "எனக்குக் கரண்டு பில் மாதிரிதான் தெரியுது" என்பேன்.

ஓய்வு பெறும்வரை லிஃப்ட் மெக்கானிக். ஆனால் லிஃப்டில் ஏறமாட்டார், நான்கு மாடியும் படிதான். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் நான்" என்பது அவர் விளக்கம். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் இவருக்கு ஸ்க்ரூடிரைவர். தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு வந்த அன்று, பேச்சுக்கு நடுவிலேயே எழுந்துபோய் எங்கள் வீட்டுக் கதவின் ஆடும் கைப்பிடியை முடுக்கிவிட்டு வந்தார். கேட் செய்து பெயர் வாங்கியவன் வீட்டில்!

ஆம், நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். இன்று இந்தத் தெருவில் பாதி வீட்டு வாசலில் நிற்பது என் பட்டறை கேட். நான் சொல்லாவிட்டால் இதை யார் சொல்லப் போகிறார்கள்?

அவருடைய சொத்து ஒரு பழைய கணினி. இந்த எண் பாட்டுகளை வாசிக்கவென்றே ஒரு பழைய மென்பொருள் அதில் இருந்தது. இளவயதில் அவரே எண்களைத் தட்டித் தட்டி ஒரு சின்ன மெட்டு போட்டிருந்தார். எங்கள் பேத்தி அதைக் கேட்டால்தான் பகலில் தூங்குவாள். திங்கட்கிழமை என் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும்; குழந்தை எங்கள் பொறுப்பு. "அவளைத் தூங்க வைக்க முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்கப்பா, நான் வேலையை விட்டுடறேன்" என்றாள் மகள்.

அந்த நேரம் பார்த்துக் கணினி உறும ஆரம்பித்தது.

"நகருங்க சம்பந்தி" என்றேன். என் பட்டறையில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் பக்கவாட்டில் ஒரு தட்டு, ஓடும். தட்டினேன். உறுமல் நின்றது. எல்லாமே நின்றது.

சம்பந்தி திட்டவில்லை. "சத்தம் வரக்கூடாதுன்னுதானே தட்டினீங்க? வரலை" என்றார்.

நல்லவேளை, மெட்டுக்குத் தனியாகப் பிரதி வைத்திருந்தார். மறுநாளே புதுக் கணினியும் கடையிலேயே பெரிய ஸ்பீக்கரும் வாங்கி இறக்கினேன். பழைய மென்பொருள் அதில் ஓட மறுத்தது. சம்பந்தி புதிதாக ஒன்றைத் தேடிப் போட்டார். பாட்டு கண்ணாடியாய்க் கேட்டது. பேத்தி வீல் என்று கத்தினாள்.

"ஸ்பீக்கர் விலை அவளுக்குத் தெரியலை" என்றேன். மகள் பார்த்த பார்வையில் வெல்டிங் வைத்திருக்கலாம்.

சம்பந்தி காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்துக் கேட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பழைய மென்பொருளில் ஒரு பிழை இருந்ததாம்: சுரத்தை வளைக்கச் சொன்னால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தாண்டிவிடும். அதைக் கேட்டுக் கேட்டே மெட்டுப் போட்டவர், கோணலையே பாட்டு என்று நினைத்துவிட்டார். குழந்தைக்கும் அதுதான் பழக்கம். புதியது அவர் எழுதியதை ஒழுங்காக வாசிக்கிறது. அந்தக் கோணலை இனி எண்ணிலேயே எழுதிவிடப் போகிறாராம்.

"ஒழுங்கா இருக்கிறதைக் கெடுக்கணுமா?" என்றேன்.

"கெடுக்கலைப்பா, நம்ம வீட்டு அளவுக்கு வெட்டறோம்னு வெச்சுக்குங்க" என்று அவருக்காக என் மகளிடமிருந்து பதில் வந்தது. "என்ன மாமா?" என்று அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "சுவர் கோணலா இருந்தா கேட்டையும் கோணலாத்தான் செய்வோம். நேரா செஞ்சா மூடாது" என்று பெருமையாக எடுத்துவிட்டேன்.

"இந்த நிதானம் தட்டறதுக்கு முன்னாடி வந்திருக்கலாம் சம்பந்தி."

ஒவ்வொரு வளைவாகத் தேடி, எண்ணை மாற்றி, கேட்டு, உதட்டைப் பிதுக்கி, மறுபடி மாற்றினார். அழுதுகொண்டிருந்த பேத்தி ஒரு வளைவில் சட்டென்று விக்கி நிறுத்தினாள். அடுத்த வளைவில் கண் சொருகியது. மகள் அவளை மெல்லப் படுக்கையில் கிடத்தினாள்.

நான் வாங்கிய ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். சம்பந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைக் குழந்தையின் முதுகில் வைத்து, மேலே தன் விரலால் தாளம் காட்டினார், மெதுவாக.