ஞானசேகரம் எடுக்காத வைப்பு

ஞானசேகரம் அண்ணையை ஒரேத்தோத் தெருத் தமிழர் நாங்கள் 'மொஸ்கோ' என்றுதான் கூப்பிடுவோம். நக்கல்தான். மொஸ்கோவில் திட்டமிடல் பொருளாதாரம் படித்த மனிதர், முப்பது வருடமாகப் பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைக்கிறார். படிப்பை முடிக்குமுன் அந்த நாடே உடைந்து, பாடமே இல்லாமல் போய்விட்டது. தொண்ணூற்றிரண்டு தை மாதம் அங்கத்தைய அரசாங்கம் கட்டளையால் பிடித்து வைத்திருந்த விலைகளை அவிழ்த்துவிட, அவர் சேர்த்து வைத்த ரூபிளுக்கு ஒரு சோடிச் சப்பாத்துக்கூட வரவில்லை.

"ஐந்தாண்டுத் திட்டம் படிப்பிச்ச ரீச்சர் றோட்டில நிண்டு தன்ர கோட்டை வித்தவ" என்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது.

2022 மாசியில், ஊரில் டொலர் தட்டுப்பாடு என்றதும், அவரிடம்தான் ஓடினோம்.

"ஒரு டொலர் இருநூறு ரூபாயெண்டு கட்டளை போட்டுப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். கையை விட்டாங்களெண்டால் ரூபாயின்ர கதை முடிஞ்சுது. எடுத்துப்போடுங்கோ."

நான் அன்றைக்கே தம்பிக்கு அழைத்து, வங்கியில் கிடந்ததை எடுத்து ஒரு வளவுக் காணி வாங்கச் சொன்னேன். தப்பினேன்.

பங்குனியில் கையை விட்டார்கள். சாமான் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. பிறகுதான் தெரிய வந்தது, அண்ணையின் சொந்தக் காசு முழுவதும் யாழ்ப்பாணத்தில் ரூபாயில், நிலையான வைப்பில் கிடந்திருக்கிறது. ஒரு வீட்டை வாங்கி, ஊரில் இருக்கும் மனைவி குகனேஸ்வரியோடு போய் இருப்பதற்கான காசு. ஆடியில் வைப்பு முதிர, ஆவணியில் ஒரேயடியாகப் போவதாக இருந்தார். மாசியிலேயே அவ "எடுக்கட்டோ?" என்று கேட்டிருக்கிறா. இவர் வேண்டாமென்றிருக்கிறார்.

ஆவணியில் அவர் ஊருக்குப் போகவில்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க என்னோடு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்களுக்கெல்லாம் சொன்னனீங்கள். மனிசிக்கு ஏன் சொல்லேல்லை?"

"இடையில எடுத்தால் வட்டியை வெட்டுவாங்கள், பீலிக்ஸ். அஞ்சு மாசம்தானே, அதுமட்டும் தாங்குமெண்டு நினைச்சன். மொஸ்கோவிலயும் அப்பிடித்தான் நினைச்சனான்."

ஏச வாயெடுத்தேன். அவர் சொல்லால் வாங்கிய வளவு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அந்நேரம் குகனேஸ்வரி அக்கா ஊரிலிருந்து போன் எடுத்தா. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"வீட்டை விக்கிறவர் இப்ப இரட்டிப்பு விலை கேக்கிறார். அப்ப நீங்கள் வாறேல்லையோ?"

"இல்லையப்பா. இனி ஏலாது."

அவ அழுதா. அழுது முடியும்வரை போனைக் காதில் வைத்திருந்துவிட்டுப் பொக்கற்றில் போட்டார்.

"எனக்கும் அழுகை வருமெண்டு பாத்தனான், பீலிக்ஸ். வரேல்லை. போகவேணுமெண்ட ஆசையும் இப்ப வரேல்லை."